வீட்டு விண்டோஸில் யூனிக்ஸ் வரைகலை நிரல்கள்: எது தேவை, எது வீண் வேலை

கேள்வி இதுதான். வீட்டில் விண்டோஸ் 11 லேப்டாப், 8 ஜிபி ரேம். கல்லூரியின் லினக்ஸ் சர்வருக்குள் புட்டி மூலம் லாகின் ஆக முடிகிறது, கட்டளைகள் ஓடுகின்றன. ஆனால் எக்ஸ்ஐஸ் மாதிரி ஜன்னல் திறக்கும் நிரலைக் கூப்பிட்டால் ‘எரர்: கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்று நின்றுவிடுகிறது. வரைபடம் போடும் க்னூபிளாட் திறக்கிறது, டெர்மினல் வகை ‘அன்னோன்’ என்று சொல்லிவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவதில்லை. விண்டோஸில் எந்த மென்பொருளைப் போட வேண்டும்?

மென்பொருளின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். நிரல் எந்தக் கணினியில் ஓடப்போகிறது? அதன் ஜன்னல் எந்தக் கணினியில் வரையப்படப்போகிறது? இந்த இரண்டும் தெளிவானால் எதைப் போடுவது என்பதும், ஓடாதபோது பழுதை எங்கே தேடுவது என்பதும் பெரும்பாலும் தானே விளங்கிவிடும். இதை யோசிக்காமல் எக்ஸ்மிங், சிக்வின், விசிஎக்ஸ்சர்வ் என்று வரிசையாகப் போட்டு, எல்லாம் ஒன்றோடொன்று மோதும் நிலையில் கேட்க வருபவர்கள்தான் அதிகம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

யூனிக்ஸ் நிரல்கள் திரையில் நேரடியாக வரைவதில்லை. ‘இங்கே ஒரு ஜன்னல் திற, இந்தக் கோட்டைப் போடு, விசை அழுத்தினால் எனக்குச் சொல்’ என்று வேறொரு நிரலிடம் கேட்கின்றன. அந்த வேறொரு நிரல்தான் எக்ஸ் சர்வர். எம்ஐடியில் 1984-இல் அதீனா திட்டத்தின்போது உருவான ஏற்பாடு இது. 1987-இல் வந்த 11-ஆம் பதிப்பின் நெறிமுறையே இன்றும் ஓடுகிறது. நிரலுக்கும் எக்ஸ் சர்வருக்கும் நடுவில் நெட்வொர்க் இருந்தாலும் பரவாயில்லை என்பதுதான் அதன் அடிப்படை. எனவே திரையும் கீபோர்டும் இருக்கும் உங்கள் வீட்டு லேப்டாப்தான் இந்தக் கணக்கில் சர்வர். கல்லூரியில் இருக்கும் பெரிய இயந்திரம் கிளையன்ட். தலைகீழாகத் தோன்றும், ஆனால் இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் எதுவும் குழப்பாது. விண்டோஸுக்கு எக்ஸ் நெறிமுறை தெரியாது. ஆகவே விண்டோஸ் பக்கம் யாராவது அந்தப் பேச்சைக் கேட்டு வரைய வேண்டும். உங்கள் புட்டி எழுத்துகளை மட்டும் கொண்டுவந்தது. வரைய ஆள் இல்லை. அதனால்தான் அந்தப் பிழை.

நிரல் உங்கள் கணினியிலேயே ஓடினால் போதும் என்றால்

க்னூபிளாட், ஆக்டேவ், கிம்ப், இங்க்ஸ்கேப் எல்லாவற்றுக்கும் விண்டோஸ் பதிப்பே இருக்கிறது. அது போதுமென்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். லினக்ஸில் மட்டுமே சரியாக ஓடும் நிரல், அல்லது உங்கள் ஸ்கிரிப்ட்கள் லினக்ஸ் சூழலை நம்பியிருக்கின்றன என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போடுங்கள்.

பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்’ என்று கொடுங்கள். உபுண்டு இறங்கும். ரீஸ்டார்ட் செய்ததும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராது, அது அப்படித்தான். பிறகு உபுண்டுவுக்குள் ‘சுடோ ஏபிடி அப்டேட்’, அடுத்து ‘சுடோ ஏபிடி இன்ஸ்டால் எக்ஸ்11-ஆப்ஸ்’. இந்தத் தொகுப்பில் எக்ஸ்ஐஸ், எக்ஸ்கிளாக் போன்ற சின்னச் சோதனை நிரல்கள் இருக்கும். ‘எக்ஸ்ஐஸ்’ என்று அடித்தால் இரண்டு கண்கள் விண்டோஸ் டெஸ்க்டாப்பில் தனி ஜன்னலாக வர வேண்டும். சுட்டியை விண்டோஸ் ஜன்னல்கள் மேல் நகர்த்தும்போது கண்கள் பின்தொடராமல் நின்றால் கவலை வேண்டாம். லினக்ஸ் ஜன்னல் மேல் இருக்கும்போதுதான் சுட்டியின் நகர்வு அந்தப் பக்கம் போகிறது. க்னூபிளாட் போடுவதானால் ‘க்னூபிளாட்-கியூடி’ அல்லது ‘க்னூபிளாட்-எக்ஸ்11’ தொகுப்பைப் போடுங்கள். ‘க்னூபிளாட்-நோக்ஸ்’ போட்டால் ஜன்னலே கிடையாது, பெயரே சொல்கிறது.

இங்கே எக்ஸ் சர்வர் எதையும் நாம் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். டபிள்யூஎஸ்எல்ஜி என்ற பகுதி அதைப் பார்த்துக்கொள்கிறது. 2021-இல் விண்டோஸ் 11-உடன் வந்தது. 2022 நவம்பரிலிருந்து ஸ்டோர் வழி வரும் டபிள்யூஎஸ்எல் மூலம் விண்டோஸ் 10-க்கும் கிடைத்தது. உள்ளே நடப்பது இது: உங்கள் உபுண்டுவுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு சிறிய லினக்ஸ் ஓடுகிறது. அதில் வெஸ்டன் என்ற வேலாண்ட் கம்போசிட்டரும் (எக்ஸுக்கு அடுத்து வந்த வேலாண்ட் முறையில் ஜன்னல்களைச் சேர்த்துத் திரையை அமைக்கும் நிரல்), எக்ஸ் நிரல்களுக்காக எக்ஸ்வேலாண்டும் இருக்கின்றன. அவை வரைந்த ஜன்னல்களை ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறை மூலம் ஒவ்வொன்றாக விண்டோஸிடம் கொடுக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் ‘எம்எஸ்ஆர்டிசி’ என்று ஒன்று ஓடுவது அதனால்தான்.

இங்கே ஓடாமல் போவதற்கான காரணங்களை அடிக்கடி வருவதிலிருந்து அபூர்வமானது வரை சொல்கிறேன். முதலாவது, பழைய வழிகாட்டி எதையோ பார்த்து ‘டாட் பேஷ்ஆர்சி’ கோப்பில் டிஸ்ப்ளே மாறிக்கு (எந்த எக்ஸ் சர்வரில் வரைவது என்று நிரலுக்குச் சொல்லும் சூழல் மாறி) ஒரு ஐபி முகவரியைக் கொடுத்து வைத்திருப்பது. டபிள்யூஎஸ்எல்ஜியில் அந்த மாறி தானாகவே ‘கோலன் பூஜ்யம்’ என்று அமைந்திருக்கும். நீங்கள் எழுதிய வரி அதை அழித்துவிடும். அந்த வரியை நீக்கிவிட்டு, பவர்ஷெல்லில் ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து மறுபடி திறங்கள். இரண்டாவது, உங்கள் உபுண்டு முதல் தலைமுறையில் இருப்பது. ‘டபிள்யூஎஸ்எல் -எல் -வி’ என்று கொடுத்தால் வெர்ஷன் பத்தியில் 1 என்று வந்தால் ஜன்னல் வராது. ‘--செட்-வெர்ஷன்’ கொடுத்து 2-க்கு மாற்ற வேண்டும். மூன்றாவது, ‘டெம்ப்’ அடைவுக்குள் இருக்க வேண்டிய ‘டாட் எக்ஸ்11-யூனிக்ஸ்’ (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) இணைப்பு காணாமல் போயிருப்பது. சிஸ்டம்டி இயக்கத்தில் இருக்கும்போது தொடக்கத்தில் டெம்ப் அடைவைச் சுத்தம் செய்யும் வேலை இதையும் துடைத்துவிடுவது உண்டு. ‘எம்என்டி’ அடைவில் உள்ள ‘டபிள்யூஎஸ்எல்ஜி’ அடைவுக்குள் அதே பெயரில் மூலம் இருக்கும். அதற்கு ‘எல்என் -எஸ்’ கொண்டு டெம்ப் அடைவில் ஒரு இணைப்பு போட்டால் ஜன்னல் உடனே திறக்கும்.

நிறுவும்போதே 80370102 என்று முடியும் பிழை எண் வந்தால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு பகுதியில் அது ‘எனேபிள்ட்’ என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். இன்டெல் இயந்திரங்களில் விடி-எக்ஸ் என்றும் ஏஎம்டியில் எஸ்விஎம் என்றும் பயாஸில் பெயர் இருக்கும்.

8 ஜிபி ரேமுக்கு ஒரு எச்சரிக்கை. டபிள்யூஎஸ்எல் விட்டால் மொத்த ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது 4 ஜிபி. பிரவுசரும் திறந்திருந்தால் லேப்டாப் திணறும். உங்கள் விண்டோஸ் பயனர் அடைவில் ‘டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ என்ற கோப்பை உருவாக்கி, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ‘டபிள்யூஎஸ்எல்2’ என்றும் அடுத்த வரியில் ‘மெமரி=3ஜிபி’ (ஜிபி பெரிய எழுத்து) என்றும் எழுதுங்கள். நோட்பேட் அதன் பின்னால் ‘டாட் டிஎக்ஸ்டி’ ஒட்டிவிடும். சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோப்பு இருந்தும் பலன் இல்லை. தரவுக் கோப்புகளைச் சி டிரைவில் வைத்துக்கொண்டு உபுண்டுவிலிருந்து படிக்காதீர்கள். ஒவ்வொரு கோப்பும் இரண்டு இயக்குதளங்களுக்கு நடுவே ஒரு நெட்வொர்க் கோப்பு நெறிமுறை வழியாகப் போய்வருகிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் பொறுமை சோதிக்கப்படும். லினக்ஸ் ஹோம் அடைவிலேயே வையுங்கள்.

முப்பரிமாண நிரல்கள் மெதுவாக இருந்தால் ‘மெசா-யூடில்ஸ்’ தொகுப்பைப் போட்டு ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ கட்டளையைப் பெரிய பி தேர்வுடன் கொடுங்கள். ரெண்டரர் என்ற வரியில் ‘டி3டி12’ என்றும் உங்கள் கிராபிக்ஸ் கார்டின் பெயரும் வந்தால் கார்டு வேலை செய்கிறது. ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால் எல்லாவற்றையும் சிபியு வரைந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் பக்கம் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். உபுண்டுவுக்குள் கார்டு டிரைவர் எதையும் நிறுவக் கூடாது.

நிரல் கல்லூரி சர்வரில்தான் ஓட வேண்டும் என்றால்

லைசென்ஸ் அங்கே மட்டும் இருக்கிறது, அல்லது தரவு 200 ஜிபி, அல்லது 64 கோர் வேண்டும். அப்போது ஜன்னலை மட்டும் வீட்டுக்கு இழுக்க வேண்டும். இங்கே இரண்டு நல்ல வழி.

ஏற்கெனவே டபிள்யூஎஸ்எல் போட்டுவிட்டவர்களுக்கு வேலையே இல்லை. உபுண்டு டெர்மினலிலிருந்து, தூரத்துக் கணினியில் மறைகுறியாக்கத்தோடு லாகின் ஆகும் ‘எஸ்எஸ்எச்’ கட்டளையைப் பெரிய ஒய் தேர்வுடன் கொடுத்துச் சர்வருக்குள் போங்கள். அங்கே ‘எக்ஸ்ஐஸ்’ அடித்தால் கண்கள் உங்கள் திரையில் வரும். டபிள்யூஎஸ்எல்ஜியின் எக்ஸ்வேலாண்ட் ஒரு முழுமையான எக்ஸ் சர்வர்தான். தூரத்து நிரலுக்கும் அது வரைந்து கொடுக்கும். இதைக் கவனிக்காமல் பலர் தனியாக எக்ஸ் சர்வர் வேறு போடுகிறார்கள். உள்ளே போகும்போது ‘எக்ஸ்ஆத் தரவு இல்லை, போலி அங்கீகாரத் தரவைப் பயன்படுத்துகிறேன்’ என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வரலாம். விட்டுவிடுங்கள், ஜன்னல் திறக்கும்.

டபிள்யூஎஸ்எல் வேண்டாம், ரேம் குறைவு, புட்டியே பழகிவிட்டது என்றால் விசிஎக்ஸ்சர்வ் போடுங்கள். இலவசம், சிறியது. எக்ஸ்மிங்கின் இலவசப் பதிப்பு 2007-இல் நின்றுபோனது. இன்று புதிதாகத் தொடங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மோபாஎக்ஸ்டெர்மில் எஸ்எஸ்எச், எக்ஸ் சர்வர், கோப்புப் பரிமாற்றம் மூன்றும் ஒரே நிரலில் வருகின்றன. வீட்டுப் பதிப்பு இலவசம், சேமிக்கக்கூடிய செஷன்களின் எண்ணிக்கை போன்ற சிலவற்றுக்கு வரம்பு உண்டு. எதுவும் அமைக்கப் பொறுமை இல்லாதவருக்கு அதுவே சரி.

விசிஎக்ஸ்சர்வை எக்ஸ்லாஞ்ச் மூலம் தொடங்குங்கள். ‘மல்டிபிள் விண்டோஸ்’ தேர்ந்தெடுங்கள். டிஸ்ப்ளே எண் இடத்தில் -1 என்று இருக்கும்; அதை 0 என்று மாற்றிவிடுங்கள், பிறகு தேடல் மிச்சம். அடுத்த பக்கத்தில் ‘ஸ்டார்ட் நோ கிளையன்ட்’. அதற்கடுத்த பக்கத்தில் ‘டிசேபிள் ஆக்சஸ் கன்ட்ரோல்’ என்று ஒரு டிக் இருக்கும். பல வீடியோக்கள் அதைப் போடச் சொல்கின்றன. போடாதீர்கள். ஒரு எக்ஸ் சர்வருக்குள் நுழைய முடிந்த நிரல் எதுவானாலும் அதில் திறந்திருக்கும் மற்ற ஜன்னல்களின் படத்தை எடுக்கலாம், அவற்றில் நீங்கள் அடிக்கும் விசைகளைப் படிக்கலாம். அந்த டிக் கதவைத் திறந்து போடுகிறது. விடுதி வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவரும் 6000-ஆம் போர்ட் வழியாக உள்ளே வரலாம். புட்டி வழியாக வரும் இணைப்பு உங்கள் கணினிக்குள்ளிருந்தே வருவதால் அந்த டிக் இல்லாமலே ஏற்கப்படும். அதே காரணத்தால் விண்டோஸ் ஃபயர்வால் முதல் முறை அனுமதி கேட்கும்போது ‘கேன்சல்’ சொல்லலாம், எதுவும் கெடாது. தனி எக்ஸ் சர்வரையும் டபிள்யூஎஸ்எல் இரண்டாம் தலைமுறையையும் நேரடியாக இணைத்த காலத்தில் நடுவில் ஒரு மெய்நிகர் நெட்வொர்க் இருந்ததால் அந்த டிக் தேவைப்பட்டது. வீடியோக்கள் அந்தக் காலத்தவை.

பிறகு புட்டி. இடப்பக்கப் பட்டியலில் கனெக்ஷன், அதற்குள் எஸ்எஸ்எச், அதற்குள் எக்ஸ்11. ‘எனேபிள் எக்ஸ்11 ஃபார்வர்டிங்’ டிக் போட்டு, டிஸ்ப்ளே லொகேஷன் பெட்டியில் ‘லோக்கல்ஹோஸ்ட்:0’ என்று எழுதுங்கள். இப்போது மேலே உள்ள செஷன் பக்கத்துக்குத் திரும்பி ‘சேவ்’ அழுத்துங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் அடுத்த முறை புட்டி எல்லாவற்றையும் மறந்திருக்கும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பில் இந்த டிக்கை மாற்றிப் பயனில்லை. லாகின் ஆகும் அந்தத் தருணத்தில்தான் எக்ஸ் பாதை கேட்கப்படுகிறது. வெளியேறி மறுபடி வாருங்கள்.

ஜன்னல் வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது

கல்லூரிச் சர்வரில் ‘எக்கோ’ கட்டளைக்குப் பின் டாலர் குறியும் டிஸ்ப்ளே மாறியின் பெயரும் பெரிய எழுத்தில் கொடுங்கள். வரும் பதில் பாதியைச் சொல்லிவிடும்.

‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ அல்லது 11, 12 என்று வந்தால் பாதை போடப்பட்டுவிட்டது. எண் 10-இலிருந்து தொடங்குவது, அந்தச் சர்வரில் உண்மையான திரைகள் இருந்தால் அவற்றோடு மோதாமல் இருப்பதற்காக. 10 என்றால் சர்வருக்குள்ளேயே 6010-ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் காதுகொடுத்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே வரும் ஒவ்வொரு வரைதல் கோரிக்கையையும் மறைகுறியாக்கி உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறது.

பதில் காலியாக வந்தால் பாதையே போடப்படவில்லை. புட்டியின் தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து ‘ஈவன்ட் லாக்’ திறங்கள். எக்ஸ்11 பற்றி ஒரு வரியும் இல்லை என்றால் டிக் போடவில்லை. ‘ரெஃப்யூஸ்ட்’ என்று இருந்தால் சர்வர் மறுத்திருக்கிறது. டெர்மினல் எஸ்எஸ்எச் என்றால் இதே விஷயம் ‘எக்ஸ்11 ஃபார்வர்டிங் ரிக்வெஸ்ட் ஃபெயில்ட் ஆன் சானல் 0’ என்று வரும். மறுப்புக்குப் பொதுவான காரணங்கள் இரண்டு: சர்வரின் எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் கோப்பில் எக்ஸ்11ஃபார்வர்டிங் ‘நோ’ என்று இருப்பது, சர்வரில் எக்ஸ் அனுமதிச் சாவியைக் கையாளும் ‘எக்ஸ்ஆத்’ நிரல் நிறுவப்படாமல் இருப்பது. இரண்டாவதுதான் பலர் சந்தேகிக்காதது. திரை இல்லாத சர்வர்களில் எக்ஸ் சம்பந்தப்பட்ட எதையும் போடாமல் விடுவார்கள், எக்ஸ்ஆத்தும் அதோடு விடுபடும். அபூர்வமாக மூன்றாவதும் உண்டு. சர்வரில் ஐபிவி6 அணைக்கப்பட்டிருந்தால் எஸ்எஸ்எச்டி அந்த 6010 போர்ட்டைத் திறக்க முடியாமல் தோற்கலாம். அட்ரஸ்ஃபேமிலி என்ற அமைப்பை ‘ஐநெட்’ என்று மாற்றினால் சரியாகும். மூன்றும் நிர்வாகிதான் செய்ய வேண்டியவை. அவரிடம் ‘ஜன்னல் வரவில்லை’ என்று எழுதாமல் ‘எக்ஸ்ஆத் இருக்கிறதா, எக்ஸ்11ஃபார்வர்டிங் எஸ் என்று உள்ளதா’ என்று கேளுங்கள், ஒரே பதிலில் முடியும்.

உங்கள் வீட்டு ஐபி முகவரி டிஸ்ப்ளே மாறியில் வந்தால் யாரோ பழைய முறையை உங்கள் லாகின் கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். டெல்நெட் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். மறைகுறியாக்கம் கிடையாது, வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் அது வேலையும் செய்யாது. எஸ்எஸ்எச் போட்ட மதிப்பைக் கையால் தொடவே கூடாது என்பதைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாறி சரியாக இருந்தும் ஜன்னல் வராமல், புட்டியின் எக்ஸ்11 ப்ராக்சி ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று புலம்பினால் பழுது வீட்டுப் பக்கம்: விசிஎக்ஸ்சர்வ் ஓடவில்லை, அல்லது 0 என்று நினைத்த டிஸ்ப்ளே 1-இல் ஓடுகிறது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அதன் ஐகான் மேல் சுட்டியை வைத்தால் எண் தெரியும்.

லாகின் ஆகும்போதே ‘டைம்அவுட் இன் லாக்கிங் அதாரிட்டி ஃபைல்’ என்று சில விநாடி தொங்கிவிட்டு வந்தால், ஹோம் அடைவில் இடம் தீர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு லாகினுக்கும் ஒரு புதிய ரகசியச் சாவி ‘டாட் எக்ஸ்அதாரிட்டி’ (எக்ஸ் மட்டும் பெரிய எழுத்து) கோப்பில் எழுதப்பட வேண்டும். கோட்டா நிறைந்திருந்தால் எழுத முடியாது. இடம் இருந்தும் இதே செய்தி வந்தால், அதே பெயருக்குப் பின் ‘-சி’, ‘-எல்’ என்று முடியும் இரண்டு பூட்டுக் கோப்புகள் முந்தைய விபத்தில் தங்கியிருக்கும். அவற்றை அழித்துவிட்டு மறுபடி லாகின் ஆகுங்கள். சுடோ கொடுத்து ரூட்டாக மாறியபின் ஜன்னல் மறுக்கப்பட்டால் காரணமும் இந்தச் சாவிதான். அது உங்கள் ஹோமில் இருக்கிறது, ரூட் தன் ஹோமில் தேடுகிறது. ஸ்னாப் ஆக நிறுவப்பட்ட ஃபயர்ஃபாக்ஸ் ‘தவறான அங்கீகாரம்’ என்று மறுப்பதும் இதே வகை. எக்ஸ்அதாரிட்டி (முழுவதும் பெரிய எழுத்து) என்ற சூழல் மாறிக்கு உங்கள் ஹோமில் உள்ள அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ஏற்றுமதி செய்தால் திறக்கும்.

டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் டெர்மினல் வேலையைச் சர்வரில் உயிரோடு வைக்கும் நிரல்) பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. நேற்று தொடங்கிய டிமக்ஸுக்குள் நேற்றைய டிஸ்ப்ளே எண்தான் இருக்கும். இன்று லாகின் 12-ஆம் எண் பெற்றிருக்க, உள்ளே இருக்கும் ஷெல் 10-ஐத் தட்டிக்கொண்டிருக்கும். வெளியே புதிய மதிப்பைப் பார்த்து உள்ளே கையால் மாற்ற வேண்டியிருக்கும். மேலே சொன்ன சட்டத்துக்கு இது ஒன்றுதான் விலக்கு.

பெரிய எக்ஸா, பெரிய ஒய்யா என்ற கேள்விக்கு: பெரிய எக்ஸ் தேர்வு தூரத்து நிரலை நம்பாமல் கட்டுப்படுத்தி வைக்கும், அதனால் சில நிரல்கள் நடுவில் விழும், 20 நிமிடம் கழித்துப் புதிய ஜன்னல்கள் மறுக்கப்படும். பெரிய ஒய் முழு நம்பிக்கை. உபுண்டு, டெபியனின் எஸ்எஸ்எச்சில் இயல்பிருப்பாக இரண்டும் ஒன்றே. நம்பாத சர்வருக்கு எதையும் கொடுக்காதீர்கள். சின்ன எக்ஸ் கொடுத்தால் எக்ஸ் பாதை அணைந்துவிடும், அதுவும் ஒரு வழக்கமான தடுமாற்றம். நடுவில் ஒரு கேட்வே சர்வர் இருந்தால் இரண்டு முறை எஸ்எஸ்எச் அடிக்காமல் பெரிய ஜே தேர்வில் கேட்வேயின் பெயரைக் கொடுங்கள். எக்ஸ் பாதை நேராகக் கடைசி இயந்திரத்துக்குப் போகும், கேட்வேயில் எக்ஸ்ஆத் தேவைப்படாது.

ஜன்னல் வருகிறது, ஆனால் நகரவில்லை

இது பிழை இல்லை, பௌதிகம். எக்ஸ் நிரல்கள் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் எக்ஸ் சர்வரைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். ஆய்வக நெட்வொர்க்குக்குள் ஒரு போய்வரல் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவு. வீட்டு பிராட்பேண்டில் 40 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும்போது 500 முறை கேட்டுக் காத்திருக்கும் நிரலுக்கு வெறும் காத்திருப்பே 20 விநாடி. உங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்பதால் இது குறையாது, தூரம்தான் கணக்கு. எஸ்எஸ்எச்சில் பெரிய சி தேர்வால் வரும் சுருக்கம் படங்களுக்குக் கொஞ்சம் உதவும், இந்தக் காத்திருப்பைத் தொடாது. எக்ஸ்ஃபிக் போன்ற பழைய நிரல்கள் தாங்கும். பெரிய ஐடிஇ, பிரவுசர் போன்றவை தாங்காது.

இன்னொரு தொல்லை: லேப்டாப்பை மூடினால் எஸ்எஸ்எச் அறுந்துவிடும், அதோடு அந்த நிரலும் செத்துவிடும். டிமக்ஸ் எழுத்து வேலையை மட்டும்தான் காப்பாற்றும், ஜன்னலை அல்ல. புட்டியில் கனெக்ஷன் பக்கத்தில் கீப்அலைவ் 60 விநாடி வைப்பது ரவுட்டர் இணைப்பைக் கத்தரிப்பதைத் தடுக்கும். லேப்டாப் தூங்குவதைத் தடுக்காது.

இரண்டுக்கும் மருந்து, எக்ஸ் சர்வரைக் கல்லூரியிலேயே ஓடவிட்டு, வரைந்து முடித்த படத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது. எக்ஸ்ப்ரா இதை ஒவ்வொரு ஜன்னலாகச் செய்கிறது. துண்டித்துவிட்டு மறுநாள் வந்தால் ஜன்னல்கள் விட்ட இடத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் அது நிறுவப்பட்டிருக்க வேண்டும், விண்டோஸ் கிளையன்ட் இருக்கிறது. எக்ஸ்டூகோவும் இதே வகை. நிர்வாகி எதையும் புதிதாகப் போட மாட்டேன் என்றால் முழு டெஸ்க்டாப்பையும் படமாக அனுப்பும் டைகர்விஎன்சி ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரில் ‘விஎன்சிசர்வர் :1’ என்று தொடங்கினால் 5901 போர்ட்டில் உட்காரும். அந்தப் போர்ட்டை வெளியே திறக்காமல், புட்டியின் டனல்ஸ் பக்கத்தில் சோர்ஸ் போர்ட் 5901, டெஸ்டினேஷன் ‘லோக்கல்ஹோஸ்ட்:5901’ என்று சேர்த்து, விண்டோஸில் விஎன்சி வியூவரை ‘லோக்கல்ஹோஸ்ட்:5901’-க்குக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் ‘விஎன்சிசர்வர் -கில் :1’ மறக்க வேண்டாம். பலர் மறப்பதால்தான் பொதுச் சர்வர்களில் ரேம் காணாமல் போகிறது.

தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூரத்து ஜன்னலில் வேலை என்றால் எஸ்எஸ்எச் வழி எக்ஸோடு மல்லுக்கட்டாமல் நேராக இதற்கு வந்துவிடுங்கள் என்பதே என் சிபாரிசு. முப்பரிமாண மாதிரிகளைச் சுழற்றிப் பார்க்கும் வேலைக்கு எக்ஸ் வழி வேண்டவே வேண்டாம். ‘நோ மேட்சிங் எஃப்பிகான்ஃபிக்ஸ்’, ‘ஸ்வ்ராஸ்ட்’ என்று ஓப்பன்ஜிஎல் பிழைகள் வரும். நெட்வொர்க் வழியே கட்டளைகளாகப் போகும் ஓப்பன்ஜிஎல் மிகப் பழைய பதிப்போடு நின்றுவிட்டது. முப்பரிமாணத்தைச் சர்வரிலேயே வரைந்து முடிக்கும் விர்ச்சுவல்ஜிஎல்லுடன் விஎன்சி, அதுதான் வழி.

ஜன்னல்கள் மங்கலாகத் தெரிந்தால் விசிஎக்ஸ்சர்வின் நிரல் கோப்பில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ போய், ஓவர்ரைடு செய்து ‘அப்ளிகேஷன்’ தேர்ந்தெடுங்கள். மங்கல் போகும், எழுத்து சிறிதாகும். ஜிடிகே (GTK) என்ற வரைகலைத் தொகுப்பில் எழுதிய நிரல்களுக்கு ‘GDK_SCALE’ மாறியை 2 என்று வைத்துப் பெரிதாக்கலாம்.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால்

எழுத்துரு எங்கே இருக்க வேண்டும் என்பது நிரலின் வயதைப் பொறுத்தது. பழைய எக்ஸ் நிரல்கள் எழுத்துருவை எக்ஸ் சர்வரிடம் கேட்கும். அதாவது அது வீட்டில் இருக்க வேண்டும். எக்ஸ்ஃபிக் ‘அடோபி ஹெல்வெட்டிகா கிடைக்கவில்லை’ என்று முனகும்போது கல்லூரியில் எத்தனை எழுத்துரு போட்டாலும் பயனில்லை. ஜிடிகே, கியூடி நிரல்கள் நேர்மாறு: எழுத்தைத் தாங்களே வரைந்து படமாக அனுப்பும். அதனால் எழுத்துரு நிரல் ஓடும் கணினியில் இருக்க வேண்டும். உங்கள் விண்டோஸில் நிர்மலா எழுத்துரு இருப்பது அவற்றுக்குத் தெரியாது.

நிரல் ஓடும் லினக்ஸில் ‘எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ’ கொடுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் தமிழ் எழுத்துரு இல்லை. உங்கள் உபுண்டு என்றால் ‘ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல்’ தொகுப்பை ஏபிடியில் போட்டால் போதும். கல்லூரிச் சர்வரில் நிர்வாகி உரிமை இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஹோமில் ‘டாட் லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘ஃபான்ட்ஸ்’ என்ற அடைவை உருவாக்கி எழுத்துருக் கோப்பைப் போட்டு ‘எஃப்சி-கேஷ் -எஃப்’ ஓட்டினால் உங்கள் நிரல்களுக்கு அது கிடைக்கும்.

எழுத்துரு இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் நிரல்தான் காரணம். எக்ஸ்டெர்மும் க்னூபிளாட்டின் ‘எக்ஸ்11’ டெர்மினலும் உயிர்மெய்யைச் சேர்த்து வரையத் தெரியாதவை. க்னூபிளாட்டில் ‘செட் டெர்மினல் கியூடி’ அல்லது ‘டபிள்யூஎக்ஸ்டி’ என்று மாற்றினால் அச்சுத் தலைப்புகள் ஒழுங்காக வரும். கோப்பாகச் சேமிக்க ‘பிஎன்ஜிகெய்ரோ’. தட்டச்சு விஷயத்தில் விண்டோஸின் தமிழ் 99 விசைப்பலகை டபிள்யூஎஸ்எல்ஜி ஜன்னலுக்குள் வராது, விசையின் இடம் மட்டுமே அந்தப் பக்கம் போகிறது. உபுண்டுவுக்குள் ‘ஐபஸ்-எம்17என்’ நிறுவித் தமிழ் 99-ஐச் சேர்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தலைப்பு எழுதுவதற்காக அவ்வளவு அமைப்பு எதற்கு என்றால் நோட்பேடில் அடித்து நகலெடுத்து ஒட்டுங்கள்; கிளிப்போர்டு இரண்டு பக்கமும் பொதுவானது.